நெல்லைக் கதிருக்குப் பெயர் சூட்டிய லண்டன்காரர்

சம்பா நெல் பால் பிடித்து முற்றத் தொடங்கும் நேரத்தில், காலைப் பனி உலர்ந்ததும் வயலுக்குள் நாலு அடி இறங்கிப் பாருங்கள். கதிர் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதில் மூன்றோ நான்கோ மணிகள் மட்டும் நெல்லாக இல்லாமல், வெல்வெட் துணியில் செய்த சிறு உருண்டைகளைப் போல உமியைப் பிளந்துகொண்டு திரண்டு நிற்கும். முதலில் மஞ்சள், அடுத்து ஆரஞ்சு, சில நாட்களில் பாசிப் பச்சை, கடைசியில் கரும்பச்சை. தொட்டால் விரலில் பொடி ஒட்டும்.

நெற்பழ நோய் என்று இதைச் சொல்கிறோம். லட்சுமி நோய் என்றும் பெயர் உண்டு. மஞ்சள் கரிப்பூட்டை என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். இந்தக் கடைசிப் பெயர்தான் இன்றைய கட்டுரைக்குக் காரணம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு காஞ்சிபுரத்தை அடுத்த ஒரு கிராமத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். வீட்டில் தறி, ஏரிப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் நெல். கையில் ஒரு பாலித்தீன் பை நிறைய மஞ்சள் உருண்டைகள். கரிப்பூட்டைக்கு விதை நேர்த்திதான் மருந்து என்று யாரோ சொன்னதைக் கேட்டு விதைக்கு மருந்து கலந்திருக்கிறார். உருண்டைகள் தெரிந்த பிறகு மறுபடியும் இரண்டு முறை மருந்து வாங்கித் தெளித்திருக்கிறார். எதற்கும் பலன் இல்லை. விதைக்கு வைத்த மருந்து போதவில்லை. கதிருக்கு அடித்த மருந்து காலம் கடந்தது. அவர் செலவழித்த பணத்தைக் கணக்குப் போட்டால், ஒரு தவறான பெயருக்கு அவர் கொடுத்த விலை அது என்றுதான் எனக்குத் தோன்றியது. நானும் கல்லூரியில் இந்த நோயைக் கரிப்பூட்டைகளின் பட்டியலிலேயே மனப்பாடம் செய்தவன். நான் உழவியல்காரன், பூஞ்சைகளின் குலம் கோத்திரத்தை அதற்கு மேல் ஆராய்ந்ததில்லை.

அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், நம் திருநெல்வேலி வயலில் விளைந்த ஒரு நெற்கதிரும், இந்தியாவில் காலே வைக்காத ஒரு லண்டன் மனிதரும் நம்முன் வந்து நிற்கிறார்கள். அவர் மோர்டிகாய் க்யூபிட் குக். பூஞ்சை இயல் படித்தவர்கள் யாரும் அவர் பெயரைத் தாண்டாமல் போக முடியாது. அவரைப் பற்றி நீங்களும் தெரிந்துகொள்வது நல்லது.

துணிக்கடையிலிருந்து அருங்காட்சியகத்துக்கு

குக் பிறந்தது 1825 ஜூலை 12-ல், இங்கிலாந்தின் கிழக்கே நார்ஃபோக் மாவட்டத்தில் உள்ள ஹார்னிங் என்ற ஆற்றோரக் கிராமத்தில். பெற்றோர் அந்த ஊரில் கடை வைத்திருந்தவர்கள். எட்டுப் பிள்ளைகளில் இவர் மூத்தவர். கொஞ்ச காலம் மதபோதகரான தாய்மாமன் ஒருவர் பாடம் சொல்லிக்கொடுத்தார். பல்கலைக்கழக வாசலை மிதிக்கும் வசதி அந்தக் குடும்பத்துக்கு இல்லை.

பையனை ஒரு துணி வியாபாரியிடம் தொழில் பழக அனுப்பினார்கள். பட்டு விற்கும் ஊரில் இருந்துகொண்டு படிக்கும் நீங்கள் இதை ரசிப்பீர்கள். துணியைப் பிரித்துக் காட்டுவது, அளப்பது, மடித்து அடுக்குவது. இதுதான் எதிர்காலத்தில் ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைப் பிரித்து அடுக்கப் போகிறவரின் முதல் வேலை. அதில் அவருக்கு மனம் ஒட்டவில்லை. லண்டனுக்குப் போய் ஒரு வழக்கறிஞரிடம் எழுத்தராக இருந்தார். 1851 முதல் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் லாம்பெத் பகுதியில் ஒரு பள்ளியில் ஆசிரியர். பிள்ளைகளைச் செடி கொடிகள் பக்கம் திருப்பிவிட்ட அந்த ஆண்டுகளில்தான் அவருக்கும் தாவரவியல் ஒரு தொழிலாகப் படிந்தது.

1860-ல் அவர் எழுதிய ஒரு புத்தகம் போதைப் பொருள்களைப் பற்றியது. தூக்கத்தின் ஏழு சகோதரிகள் என்று அதற்குத் தலைப்பு. புகையிலை, அபின், கஞ்சா, ஊமத்தை ஆகியவற்றோடு நம் வெற்றிலை பாக்குக்கும் அதில் இடம் உண்டு. குழந்தைகளுக்கான ஆலிஸ் கதையில் ஒரு காளானைக் கடித்தால் உடம்பு வளர்வதும் குறுகுவதும் இந்தப் புத்தகத்தைப் படித்த பாதிப்பில் வந்தது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

1860-களின் தொடக்கத்தில் லண்டனில் இருந்த இந்திய அருங்காட்சியகத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. கிழக்கிந்தியக் கம்பெனி நம் நாட்டிலிருந்து கொண்டுபோய்க் குவித்த பொருள்களின் கிடங்கு அது. அதன் பொறுப்பாளராக இருந்த ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன், இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து வந்த துணிகளைக் கத்தரித்து, 700 மாதிரித் துண்டுகளை 18 தொகுதிகளாக ஒட்டி 1866-ல் வெளியிட்டார். நம் நெசவாளர்களின் கைவண்ணத்தைப் பார்த்து அதற்குத் தோதான துணியை மான்செஸ்டர் ஆலைகள் நெய்து நமக்கே விற்க வேண்டும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. வாட்சன் துணியைப் பார்த்துக்கொண்டார். குக்கின் பங்குக்கு வந்தவை வேளாண் விளைபொருள்கள். 1874-ல் இந்தியப் பிசின்கள், குங்கிலியங்கள் பற்றியும், 1876-ல் எண்ணெய் வித்துகள் பற்றியும் அவர் அறிக்கைகள் தயாரித்தார். எள்ளையும் இலுப்பையையும் அவர் வயலில் பார்த்ததில்லை, ஜாடியில் பார்த்தார்.

பகலில் அருங்காட்சியகம், மிச்ச நேரமெல்லாம் நுண்ணோக்கி. செடிகளைத் தாக்கும் நுண்பூஞ்சைகளைச் சாதாரண மக்களுக்கு அறிமுகம் செய்யும் நூல் ஒன்றை 1865-ல் எழுதினார். துருநோய், கரிப்பூட்டை, சாம்பல் நோய், பூசணம் ஆகிய நான்கும் அதன் தலைப்பிலேயே வரிசையாக நிற்கும். அது பல பதிப்புகள் கண்டது. அதே ஆண்டில் அவர் பங்கெடுத்துத் தொடங்கிய க்வெக்கெட் நுண்ணோக்கிச் சங்கம் இன்றும் இயங்குகிறது. 1872-ல் கிரெவிலியா என்ற காலாண்டு இதழைத் தொடங்கி, 20 ஆண்டுகள் தாமே ஆசிரியராக இருந்து நடத்தினார். பூக்காத தாவரங்களுக்கும் பூஞ்சைகளுக்கும் மட்டுமான இதழ். இதழ் நடத்தியவர்களுக்குத் தெரியும், அது என்ன பாடு என்று.

அந்தக் காலத்தில் நம் நாட்டில் பயிர்நோய்க்கென்று அரசு நியமித்த பூஞ்சை நிபுணர் ஒருவர்கூடக் கிடையாது. எட்வின் பட்லர் அந்த வேலைக்கு வந்து சேர்ந்தது 1901-ல்தான். அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துச் சைதாப்பேட்டையில், 1876-ல் தொடங்கிய வேளாண்மைப் பள்ளி அப்போதுதான் தவழ்ந்துகொண்டிருந்தது. ஆகவே இங்கே ஒரு பயிரில் விநோதமாக ஏதாவது கண்டால், காயவைத்துக் காகிதத்தில் மடித்து லண்டனுக்கு அனுப்புவதே வழி. மைசூர்க் காபித் தோட்டங்களில் கொளரோகா என்று கன்னடத்தில் சொல்லப்பட்ட அழுகல் நோயின் பூஞ்சைக்கு 1876-ல் பெயர் சூட்டியவர் குக்தான். இரண்டு ஆண்டுகள் கழித்துத் திருநெல்வேலி நெல்லின் முறை வந்தது.

ஒரு கதிர், சில வரிகள்

1878. தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடிவிட்டு ஓய்ந்துகொண்டிருந்த ஆண்டு. நெல் ஒரு மணி கிடைக்காதா என்று லட்சக்கணக்கானவர்கள் செத்து விழுந்திருந்தார்கள். அந்த ஆண்டில்தான் கிரெவிலியா இதழில், திருநெல்வேலியில் விளைந்த நெற்கதிரில் கண்ட ஒரு பூஞ்சையைப் பற்றிச் சுருக்கமான ஒரு குறிப்பு வந்தது. உஸ்டிலாகோ வைரன்ஸ் என்று குக் அதற்குப் பெயரிட்டார். உஸ்டிலாகோ என்பது கரிப்பூட்டைப் பூஞ்சைகளின் பேரினம். வைரன்ஸ் என்றால் லத்தீனில் பச்சை நிறமாவது. பச்சைக் கரிப்பூட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். அது யாருடைய வயல் என்ற விவரம் அந்தப் பெயரில் இல்லை. ஆனாலும் இன்று சீனா, ஜப்பான், அமெரிக்கா என்று எங்கே இந்த நோயைப் பற்றி எழுதினாலும், அதன் முதல் பதிவு திருநெல்வேலிக்குத்தான் போய்ச் சேர்கிறது.

குக் ஏன் அதைக் கரிப்பூட்டை என்று நினைத்தார்? நாமாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்போம். சோளத்தில் மணி இருக்க வேண்டிய இடத்தில் கரும்பொடிப் பை. கம்பிலும் அப்படியே. கரும்பில் குருத்தே கருஞ்சாட்டையாக நீளும். புல் இனத்துப் பயிர், மணிக்குப் பதில் பொடி, பொடி முழுக்க வித்துகள். இந்த மூன்றும் சேர்ந்தால் கரிப்பூட்டை என்பது அன்றைய அளவுகோல். காய்ந்த கதிரை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தவருக்கு மூன்றும் பொருந்தின. அவர் பார்க்க முடியாதது ஒன்று உண்டு. உயிருள்ள அந்த வித்து முளைத்தால் என்ன ஆகும்?

அதை ஜெர்மானியரான ஆஸ்கர் பிரஃபெல்ட் பார்த்தார். உண்மையான கரிப்பூட்டை வித்து முளைக்கும்போது குட்டையாக ஒரு குழல் விட்டு, அதன்மேல் சிறு வித்துகளை ஈனும். நெற்பழத்தின் வித்து அப்படி முளைக்கவில்லை. அது நேராக இழைவிட்டு, இழையின் ஓரத்தில் வேறு விதமான வித்துகளைத் தந்தது. உருண்டைக்குள் கடினமான பூஞ்சைக் கட்டிகளும் இருந்தன. இவை கம்பில் வரும் தேன் ஒழுகல் நோயின் உறவைக் காட்டும் குணங்கள். ஆகவே 1895-ல் பிரஃபெல்ட் இதற்கென்று உஸ்டிலாஜினாய்டியா என்ற தனிப் பேரினத்தை உருவாக்கினார். கரிப்பூட்டையைப் போன்றது என்பது அதன் பொருள். மறு ஆண்டே ஜப்பானியரான தகஹாஷி, குக் வைத்த வைரன்ஸ் என்ற பாதியை அதனுடன் சேர்த்து உஸ்டிலாஜினாய்டியா வைரன்ஸ் ஆக்கினார்.

இங்கே வேடிக்கையைக் கவனியுங்கள். கரிப்பூட்டை இல்லை என்று கண்டுபிடித்தவரே புதுப் பெயரிலும் கரிப்பூட்டையை ஒட்டவைத்துவிட்டார். பிற்காலத்தில் இந்த உருண்டைகளிலிருந்து ஜப்பானியர் பிரித்தெடுத்த நச்சுப் பொருளுக்கும் உஸ்டிலாக்சின் என்றே பெயர். ஆங்கிலத்தில் பொய்க் கரிப்பூட்டை என்கிறார்கள். அந்தப் பொய் என்ற அடைமொழி கிராமத்துக்கு வந்து சேர்வதற்குள் எங்கோ உதிர்ந்துவிட்டது. கரிப்பூட்டை மட்டும் வந்தது.

சரிகையைச் சுரண்டிப் பார்ப்பது போல

காஞ்சிபுரத்தில் சேலை எடுக்கப் போகிறவர்கள் ஒரு காரியம் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். சரிகையின் ஓர் இழையை உருவி நகத்தால் சுரண்டிப் பார்ப்பார்கள். அசல் சரிகையானால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியும். அதன்மேல் வெள்ளிக் கம்பி, அதற்கும் மேல் பொன் முலாம். மேலே பளபளப்பு ஒன்றாக இருந்தாலும் உள்ளிருக்கும் நூல் பொய் சொல்லாது. இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால் கருவியில் வைத்து வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று அளந்துவிடலாம்.

பூஞ்சையின் மரபணுக் குறியீடுகளைப் பார்ப்பதும் இதே வேலைதான். எல்லா உயிரணுக்களிலும் புரதம் தயாரிக்கும் ரைபோசோம் என்ற பட்டறை உண்டு. அதை உருவாக்கும் மரபணுக்களில் சில பகுதிகள் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆனாலும் மெதுவாகவே மாறும். அவற்றை வைத்துக் குடும்பத்தைச் சொல்லலாம். அவற்றுக்கு இடையில் உள்ள ஐ.டி.எஸ். என்ற துண்டு வேகமாக மாறும். அதை வைத்து அண்ணன் தம்பிகளைக்கூடப் பிரிக்கலாம். கொரோனா காலத்தில் நீங்கள் கேள்விப்பட்ட பி.சி.ஆர். முறையில் அந்தத் துண்டைப் பெருக்கி, எழுத்து எழுத்தாகப் படித்து ஒப்பிடுகிறார்கள். நிறம், பொடி, வடிவம் எதுவும் இங்கே சாட்சி இல்லை.

அப்படிப் படித்து 2004-ல் வெளியான அமெரிக்க ஆய்வு, நெற்பழப் பூஞ்சை தேன் ஒழுகல் நோய்ப் பூஞ்சையின் குடும்பத்தைச் சேர்ந்தது, ஆனால் அதில் தனிக் கிளை என்று உறுதிசெய்தது. நெல்லில் கதிரே ஊதுபத்திக் குச்சி மாதிரி விறைத்து வெளிவரும் ஊதுபத்தி நோயும் இந்தக் குடும்பம்தான். கோயில் ஊரில் அந்த நோய்க்கு நான் விளக்கம் சொல்லத் தேவையில்லை. சோளக் கரிப்பூட்டையோ முற்றிலும் வேறு பெரும்பிரிவு. காளான்களும் துருநோய்ப் பூஞ்சைகளும் இருக்கும் பக்கம். குக் ஒரு வீட்டுப் பிள்ளையை அடுத்த தெருவில் எழுதிவைக்கவில்லை; வேறு ஊரிலேயே எழுதிவைத்துவிட்டார். 2014-ல் சீன விஞ்ஞானிகள் இதன் மொத்த மரபணுத் தொகுதியையும், ஏறக்குறைய 3.9 கோடி எழுத்துகளையும், படித்து வெளியிட்டார்கள். இடையில் பேரினப் பெயரில் மாற்றங்கள் முன்மொழியப்பட்டாலும் வைரன்ஸ் மட்டும் அசையவில்லை.

அப்படியென்றால் நெல்லுக்கு உண்மையான கரிப்பூட்டையே கிடையாதா? உண்டு. டில்லேஷியா ஹாரிடா என்ற பூஞ்சை மணிக்குள் கரும்பொடியை நிரப்பும். உமி லேசாகப் பிளந்து கருந்தூள் எட்டிப் பார்க்கும். பக்கத்து இலைகளில் மைப்பொடி தூவியது போல இருக்கும். வேறு புற்களில் வரும் ஒரு டில்லேஷியாவும் இதுவும் ஒன்றே என்று வெகுகாலம் ஒரே பெயரில் போட்டு வைத்திருந்தார்கள். மரபணு ஒப்பீடு இரண்டையும் பிரித்தது.

இந்தப் பிரிப்பெல்லாம் ஆய்வகச் சண்டை என்று நினைத்துவிடாதீர்கள். கோதுமையில் வரும் கர்னால் பன்ட் நோய் 1931-ல் ஹரியானாவின் கர்னாலில் கண்ட கோதுமையிலிருந்து விவரிக்கப்பட்டது. அந்தப் பூஞ்சையின் வித்து ஒரு சரக்கில் தென்பட்டால் பல நாடுகள் கோதுமையை உள்ளே விடாது. 1996-ல் அமெரிக்காவின் அரிசோனாவில் அது கண்டுபிடிக்கப்பட்டதும் நாடெங்கும் கோதுமையைச் சலித்துப் பார்த்தார்கள். தென்கிழக்கு மாநிலங்களின் கோதுமையிலும் அதைப் போன்ற வித்துகள் கிடைத்தன. ஆனால் ஒரு நோயுற்ற கோதுமை மணியும் கிடைக்கவில்லை. கடைசியில் அவை கோதுமை வயலில் களையாக வளரும் ரை புல்லிலிருந்து உதிர்ந்த வேறொரு பூஞ்சையின் வித்துகள் என்று தெரிந்தது. நுண்ணோக்கியில் ஏறக்குறைய இரட்டைப் பிள்ளைகள்; மரபணுவில் வேறு. 1999-ல் அதற்கு டில்லேஷியா வாக்கெரி என்று தனிப் பெயர் கொடுத்தார்கள். புல்லின் நோய்க்காகக் கோதுமை விவசாயி தண்டனை அனுபவிக்க இருந்தது அந்தப் பெயரால் நின்றது.

மீண்டும் குக்கிடம் வருவோம். 1879-ல் இந்திய அருங்காட்சியகத்தைக் கலைத்துப் பொருள்களைப் பங்குபோட்டபோது, தாவரச் சேகரிப்புகள் க்யூ தாவரத் தோட்டத்துக்குப் போயின. கூடவே குக்கும் போனார். பூக்காத தாவரங்களின் பொறுப்பு அவருக்கு. தாம் சொந்தமாகச் சேர்த்த சுமார் 46,000 உலர்ந்த மாதிரிகளையும் க்யூவுக்கே கொடுத்தார். 1881-லிருந்து பத்தாண்டுகள் உழைத்து, பிரிட்டனின் காளான்களை ஏறக்குறைய 1,200 வண்ணப் படங்களாக வெளியிட்டார்.

அவரை மகானாக்கவும் வேண்டாம். நம் சமையலில் போடும் கல்பாசி ஒரே உயிரா, இரண்டு உயிர்களா என்று அன்று பெரிய வாதம் நடந்தது. பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்தும் குடித்தனம் அது என்று சுவிட்சர்லாந்தின் ஷ்வெண்டனர் சொன்னார். குக் கடைசிவரை ஏற்காத கூட்டத்தில் நின்றார். தம் இதழிலேயே எதிர்த்து எழுதினார். ஷ்வெண்டனர் சொன்னதுதான் சரி. கண்ணுக்குத் தெரியும் வடிவத்தின் மேல் குக்குக்கு அளவு கடந்த நம்பிக்கை. அவருடைய பலமும் அதுதான், திருநெல்வேலிக் கதிரில் வழுக்கிய இடமும் அதுதான்.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் பெயரைத் தவறாக வைத்தாரே தவிர, பார்த்ததை ஒளிக்கவில்லை. எந்தப் பயிர், எந்த ஊர், என்ன நிறம் என்று அச்சில் ஏற்றிவிட்டார். பிரஃபெல்ட் முதல் மரபணு படிப்பவர்கள் வரை அவரைத் திருத்த முடிந்தது அதனால்தான். பயிரில் எதையோ பார்த்து, குறிக்காமல் விட்டுவிட்ட எத்தனையோ பேரைத் திருத்தக்கூட வழியில்லை. நம் வயல் குறிப்பேடுகளின் லட்சணம் எனக்குத் தெரியும் என்பதால் இதை எழுதுகிறேன்.

1892-ல் குக் ஓய்வு பெற்றார். 1902-ல் அரசத் தோட்டக்கலைச் சங்கத்தின் விக்டோரியா பதக்கமும், 1903-ல் லின்னேயச் சங்கத்தின் பதக்கமும் தேடி வந்தன. துணிக்கடைப் பையனுக்கு முதுமையில் கிடைத்த மரியாதை. 1914 நவம்பர் 12-ல், தெற்குக் கடற்கரையில் சவுத்சீ என்ற ஊரில் இறந்தார்.

நவம்பர் என்றதும் நம் சம்பாவுக்கு வந்துவிடுவோம். லட்சுமி வந்தால் விளைச்சல் பெருகும் என்ற நம்பிக்கையை நான் கேலி செய்ய மாட்டேன். மேகமூட்டம், ஈரக் காற்று, விட்டுவிட்டு மழை, தழைச்சத்து நிறைந்த பச்சைப் பயிர். நெல் செழிக்கும் அதே சூழ்நிலையில்தான் இந்தப் பூஞ்சையும் செழிக்கும். இரண்டும் சேர்ந்து வந்ததைப் பார்த்த முன்னோர்கள் ஒன்றை மற்றொன்றின் அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். பார்த்தது சரி, காரணம்தான் வேறு. உருண்டையான மணி போனது போனதுதான். பக்கத்து மணிகளும் பதராகும். கொள்முதல் நிலையத்தில் நிறம் மாறிய நெல்லுக்கு என்ன மரியாதை என்று உங்களுக்கே தெரியும். உருண்டைகளில் நச்சு இருப்பதால் தவிட்டையும் வைக்கோலையும் மாட்டுக்குப் போடும்போதும் கவனம் வேண்டும்.

சோளத்தின் தானியக் கரிப்பூட்டை விதையின் மேல் ஒட்டி வருவது. ஆகவே விதை நேர்த்தியிலேயே அதை மடக்கலாம். நெற்பழம் அப்படி அல்ல. கதிர் இன்னும் தொண்டைக்குள் இருக்கும்போது பூஞ்சை உள்ளே நுழைந்து, பூவின் உமி இடுக்கு வழியாக மகரந்தக் காம்பைப் பிடிக்கிறது. கரு கூடுவதே நின்றுபோகிறது. நீங்கள் மஞ்சள் உருண்டையைப் பார்க்கும் நாளில் அதன் வேலை முடிந்து பல நாட்கள் ஆகியிருக்கும். அந்த நாளில் தெளிக்கும் மருந்து கடைக்காரருக்குத்தான் லாபம். சுத்தமான விதையும் விதை நேர்த்தியும் வேண்டியவைதான். அவை மட்டும் போதாது.

தெளிப்பதென்றால் இரண்டே நேரங்கள். கண்ணாடி இலை விரிந்து கதிர் தொண்டையில் இருக்கும்போது ஒரு முறை, பாதிப் பயிர் பூத்திருக்கும்போது இன்னொரு முறை. புரோபிகோனசோல் 25 ஈ.சி. ஏக்கருக்கு 200 மி.லி. அல்லது காப்பர் ஹைட்ராக்சைடு 77 டபிள்யூ.பி. ஏக்கருக்கு 500 கிராம், 200 லிட்டர் தண்ணீரில். நெல் பூ காலையில் திறப்பதால், மாலையில் தெளியுங்கள். ஆகஸ்ட் நடுவில் விதைத்த 135 நாள் ரகமானால், நவம்பர் இரண்டாம் வாரம் முதல் தெளிப்பு என்று நாட்காட்டியில் குறித்துவைக்கலாம். போன ஆண்டு வந்த வயலில், மழைக் காலத்தில்தான் பூக்கிறது என்றால், இந்த ஆண்டும் குறியுங்கள். வராத வயலில் வீணாக அடிக்க வேண்டாம்.

மருந்தைவிட யூரியா கையில்தான் பாதிக் கட்டுப்பாடு இருக்கிறது. பயிர் வெளுத்த மாதிரி தெரிகிறதே என்று தொண்டைக் கதிர் நேரத்தில் அள்ளி வீசுவது இந்தப் பூஞ்சைக்கு விருந்து. தழைச்சத்தைப் பிரித்துப் பிரித்து, இலை வண்ண அட்டை பார்த்துக் கொடுங்கள். வரப்பில் உள்ள புல்லினக் களைகளை எடுத்துவிடுங்கள். நோய் கண்ட வயலின் நெல்லை விதைக்கு வைக்காதீர்கள். உருண்டைகள் கீழே உதிர்ந்தால் மண்ணில் தங்கி அடுத்த பருவத்துக்குக் காத்திருக்கும்.

பாலித்தீன் பையோடு வந்தவர் அடுத்த சம்பாவில் விதையை மாற்றினார். யூரியாவை நான்காகப் பிரித்துப் போட்டார். நவம்பரில் மழை விட்டிருந்த ஒரு மாலையில் தறியை நிறுத்திவிட்டு முதல் தெளிப்பை முடித்தார். இரண்டாவது தெளிப்புக்கு மழை இடம் கொடுக்கவில்லை. ஜனவரியில் போனில் படம் அனுப்பினார். புங்கமர நிழல் விழும் வரப்போரக் கதிர்களில் மட்டும் உருண்டைகள். நடு வயல் சுத்தம். அறுவடைக்கு முன்பு அவரும் மனைவியுமாக அந்தக் கதிர்களைக் கிள்ளிச் சாக்கில் போட்டுக் கட்டி எரித்ததாகச் சொன்னார். கூடவே ஒரு கேள்வியும் கேட்டார்: ஊதுபத்தி நோயும் இதுவும் ஒரே குடும்பம் என்றால், அதற்கும் இதே நாளில் மருந்து அடித்தால் போகுமா? போகாது, அது விதையிலிருந்தே செடியோடு வளர்வது, அதற்கு விதையைக் கவனிக்க வேண்டும் என்று சொன்னேன்.